பரண் மேல் ஆயாவின் குரல்!

பழைய வீடியோ கேமராவில் இருக்கும் படத்தைப் புதிய லேப்டாப்புக்குக் கொண்டுவருவது எப்படி?

கருங்குழி. செங்கல்பட்டுக்குத் தெற்கே, மதுராந்தகத்துக்குச் சற்று முன்னால், சென்னை-திருச்சி நெடுஞ்சாலையில் இருக்கிறது இந்த ஊர். ஒரு காலத்தில் செங்கல்பட்டு ஜில்லாவின் கலெக்டர் கச்சேரி இங்கேதான் இருந்தது.

இந்த ஊரிலும், இதைப் போன்ற மற்ற ஊர்களிலும், அநேக வீடுகளில் பரண் மேல் ஒரு பை கிடக்கும். உள்ளே ஒரு வீடியோ கேமரா. கூடவே ஐந்தாறு குட்டி டேப்புகள். துபாயிலிருந்தோ சிங்கப்பூரிலிருந்தோ யாரோ ஆசையாக வாங்கி வந்தது.

அந்தப் பை ஒரு நாள் கீழே இறங்குகிறது என்று வைத்துக்கொள்வோம்.

ஒரு டேப்பின் மேல் பேனாவால், "காது குத்து, 2003" என்று எழுதி இருக்கிறது. இன்னொன்றின் மேல், "வேடந்தாங்கல், மாமல்லபுரம்."

காது குத்திக்கொண்ட குழந்தை இன்று படித்து முடித்த பெண்.

"தாத்தா, இதிலே ஆயா இருக்காங்களா?"

"இருக்கா, அம்மா. உன்னை இடுப்பிலே வெச்சுக்கிட்டுப் பேசியிருக்கா. நான் கேட்டே பல வருஷம் ஆச்சு."

ஆயா காலமாகி வெகு நாள் ஆகிவிட்டது. அவருடைய போட்டோ சுவரில் மாட்டி இருக்கிறது. ஆனால் போட்டோ பேசாது. ஆயாவின் குரல் அந்த டேப்பில் மட்டும்தான் இருக்கிறது.

பெண் ஓடிப்போய் லேப்டாப்பை எடுத்து வருகிறாள். கேமராவின் வயரை எடுத்துச் செருகிப் பார்க்கிறாள்.

சேரவில்லை!

பூட்டு மாறிவிட்டது

கேமராவிலும் குற்றம் இல்லை. லேப்டாப்பிலும் குற்றம் இல்லை. இரண்டும் வேறு வேறு காலத்தில் பிறந்தவை. அதுதான் தகராறு.

1995-ல் மினி டி.வி. என்ற டேப் வந்தது. இங்கே டி.வி. என்றால் டெலிவிஷன் அல்ல. டிஜிட்டல் வீடியோ என்பதன் சுருக்கம். தீப்பெட்டியை விடச் சற்றுப் பெரிய டேப். அதில் ஒரு மணி நேரப் படம் அடங்கும்.

இந்தப் படத்தைக் கம்ப்யூட்டருக்கு அனுப்ப 'பயர்வயர்' என்ற தனி இணைப்பு இருந்தது. சோனி கேமராவில் அதற்கு 'ஐ-லிங்க்' என்று பெயர். 2000-க்குப் பிறகு வந்த பல லேப்டாப்புகளில் இதற்கான துளை இருந்தது. பிறகு மெல்ல மெல்ல மறைந்துவிட்டது. இன்று கடையில் வாங்கும் லேப்டாப்பில் அந்தத் துளை கிடையாது.

"கேமராவில் யு.எஸ்.பி. துளையும் இருக்கிறதே?" என்று சிலர் கேட்கலாம். இருக்கும். ஆனால் பெரும்பாலான டேப் கேமராக்களில், மெமரி கார்டில் எடுத்த போட்டோவை அனுப்பத்தான் அது பயன்படும். டேப்பில் உள்ள படம் அந்த வழியாக முழுமையாக வராது.

சந்திரனுக்கே வந்த சங்கடம்

கருங்குழி வீட்டுக்கு வந்த சங்கடம், அமெரிக்காவின் விண்வெளி ஆய்வு நிறுவனமான நாசாவுக்கும் வந்தது.

1966, 1967-ம் ஆண்டுகளில் நாசா ஐந்து விண்கலங்களைச் சந்திரனுக்கு அனுப்பியது. மனிதன் இறங்க நல்ல இடம் எது என்று அவை படம் எடுத்து அனுப்பின. அந்தப் படங்கள் பெரிய பெரிய டேப்புகளில் பதிவாயின.

காலம் ஓடியது. டேப்புகள் இருந்தன. ஆனால் அவற்றை ஓட்டும் எந்திரம் வழக்கொழிந்துவிட்டது!

நான்சி இவான்ஸ் என்ற பெண்மணி அந்த டேப்புகளுக்குப் பொறுப்பாக இருந்தார். அவற்றை அழிக்க அவர் சம்மதிக்கவில்லை. குளிர்பதனப் பெட்டி அளவுள்ள பழைய எந்திரங்களைத் தேடிப் பிடித்தார். தமது வீட்டுக் கார் கொட்டகையில் பல வருஷம் அவற்றைக் காப்பாற்றி வைத்தார்.

பிறகு டென்னிஸ் விங்கோ, கீத் கவ்விங் என்ற இருவர் முன்வந்தார்கள். கலிபோர்னியாவில், நாசா வளாகத்தில் மூடிக் கிடந்த ஓர் உணவுக் கடையில் அந்த எந்திரங்களை இறக்கினார்கள். பழுது பார்த்தார்கள். பழைய எந்திரத்தையும் புதிய கம்ப்யூட்டரையும் இணைத்தார்கள்.

2008 நவம்பரில் முதல் படம் வெளிவந்தது. சந்திரனுக்கு மேலே பூமி உதிக்கும் காட்சி அது. எடுத்த நாள் 1966 ஆகஸ்டு 23. நாற்பத்திரண்டு வருஷத்துக்குப் பிறகு, முன்பு பார்த்ததை விடத் தெளிவாகத் தெரிந்தது!

இதில் நமக்கு ஒரு பாடம் இருக்கிறது. டேப்பைக் காப்பாற்றினால் மட்டும் போதாது. அதை ஓட்டும் எந்திரத்தையும் காப்பாற்ற வேண்டும். டேப் இருக்கும்வரை கேமராவைப் பழைய சாமான்காரருக்குப் போடாதீர்கள்!

முதலில் எந்த வகை என்று பாருங்கள்

வைத்தியர் நாடி பார்ப்பதுபோல, முதலில் கேமராவின் வகையைப் பார்க்க வேண்டும்.

டேப்பில் 'மினி டி.வி.' என்று போட்டிருந்தால் அது டிஜிட்டல் வகை.

'வீடியோ 8', 'ஹை 8' என்று போட்டிருந்தால் அது பெரும்பாலும் அதற்கு முந்திய பழைய வகை. வீடியோ 8 வந்தது 1985-ல். ஆனால் 1999-ல் வந்த 'டிஜிட்டல் 8' கேமராவும் இதே டேப்பைத்தான் பயன்படுத்தியது. ஆகையால் கேமராவின் மேல் என்ன பெயர் இருக்கிறது என்றும் பாருங்கள்.

டேப்பே இல்லாமல், மெமரி கார்டிலோ ஹார்டு டிஸ்கிலோ பதிவு செய்யும் கேமரா என்றால் கவலை இல்லை. யு.எஸ்.பி. வயரைச் செருகிப் படங்களை அப்படியே நகல் எடுத்துக்கொள்ளலாம்.

நல்ல வழி

மினி டி.வி., டிஜிட்டல் 8 இரண்டுக்கும் பயர்வயர்தான் நல்ல வழி. டேப்பில் உள்ளது உள்ளபடியே கம்ப்யூட்டருக்கு வந்து சேரும். தரம் சிறிதும் குறையாது.

புதிய லேப்டாப்பில் துளை இல்லையே, என்ன செய்வது? பயர்வயர் துளை உள்ள பழைய லேப்டாப் உறவினர் வீட்டில் கிடைக்குமா என்று விசாரியுங்கள். அல்லது மேஜைக் கம்ப்யூட்டரில் பயர்வயர் கார்டு ஒன்றைப் பொருத்தச் சொல்லுங்கள். அதில் படத்தை இறக்கி, பிறகு புதிய லேப்டாப்புக்கு மாற்றிக்கொள்ளலாம்.

ஆப்பிள் லேப்டாப் வைத்திருப்பவர்கள் இரண்டு மூன்று இணைப்புத் துண்டுகளை ஒன்றோடொன்று கோத்து வேலையை முடித்து வந்தார்கள். 2025-ல் வந்த 'மேக் ஓ.எஸ். 26'-ல் பயர்வயருக்கு இடம் இல்லை. ஆகவே புதுப்பிக்காத ஆப்பிள் கம்ப்யூட்டர்தான் இதற்கு உதவும்.

ஏமாறாதீர்கள்!

ஒரு பக்கம் பயர்வயர், மறுபக்கம் யு.எஸ்.பி. உள்ள வயர் மலிவு விலையில் விற்கிறது. பார்த்தால் பொருத்தமாகத் தெரியும். வாங்கிச் செருகினால் ஒன்றும் வராது!

காரணம் இதுதான். இரண்டும் வேறு வேறு பாஷை. பிளக்கை மாற்றிவிட்டால் பாஷை மாறிவிடாது. நடுவில் மொழிபெயர்க்க ஒரு கருவி வேண்டும். அந்த வயருக்குள் அப்படி எதுவும் இல்லை.

இன்னொரு வழி

பழைய வகைக் கேமராவுக்கும், பயர்வயர் கிடைக்காதவர்களுக்கும் வேறொரு வழி இருக்கிறது.

கேமராவை டெலிவிஷனோடு இணைக்க மஞ்சள், வெள்ளை, சிவப்பு முனைகள் கொண்ட வயர் கொடுத்திருப்பார்கள். மஞ்சள் படத்துக்கு. வெள்ளையும் சிவப்பும் ஒலிக்கு.

'வீடியோ கேப்சர்' என்று ஒரு சிறு கருவி கடையில் கிடைக்கிறது. அதன் ஒரு பக்கம் இந்த மூன்று முனைகளைச் செருக வேண்டும். மறுபக்கம் லேப்டாப்பின் யு.எஸ்.பி. துளையில் சேரும். கேமராவில் படம் ஓட ஓட, லேப்டாப்பில் அது பதிவாகும். தரம் கொஞ்சம் குறையும். ஆனால் ஆயாவின் முகமும் குரலும் நன்றாகவே வரும்.

ஒரு விஷயம் கவனிக்க வேண்டும். இந்தியா, சிங்கப்பூர், வளைகுடா நாடுகளில் விற்ற கேமராக்கள் 'பால்' முறையைச் சேர்ந்தவை. அமெரிக்காவிலும் ஜப்பானிலும் விற்றவை 'என்.டி.எஸ்.சி.' முறை. லேப்டாப்பில் சரியான முறையைத் தேர்ந்தெடுக்காவிட்டால் படம் உருளும், அல்லது நிறம் போய்விடும்.

டேப்பைப் போடும் முன்பு

மினி டி.வி. டேப்பின் அகலம் கால் அங்குலம். அதில் படம் மெல்லிய கோடுகளாகப் பதிந்திருக்கிறது. ஒரு மில்லிமீட்டர் இடத்தில் நூறு கோடுகள்! அதைப் படிக்கும் உருளை நிமிஷத்துக்கு 9,000 தடவை சுற்றுகிறது. ஒரு தூசி போதும், படம் சிதறிவிடும்.

ஆகையால் ஜாக்கிரதை வேண்டும்.

முதலில் வேண்டாத டேப் ஒன்றைப் போட்டுப் பாருங்கள். பல வருஷம் சும்மா கிடந்த கேமரா டேப்பைக் கடித்துவிடலாம். ஆயாவின் டேப்பைப் பரீட்சைக்கு வைக்காதீர்கள்.

டேப்பின் ஓரத்தில் ஒரு சிறு தள்ளுதாழ் இருக்கும். அதை 'சேவ்' பக்கம் தள்ளிவிடுங்கள். தவறுதலாக வேறு பொத்தானை அழுத்தினாலும் பழைய படம் அழியாது.

டேப்பில் வெள்ளை வெள்ளையாகப் பூஞ்சை தெரிந்தால் கேமராவில் போடவே கூடாது. கேமராவும் கெட்டு, அடுத்து போடும் டேப்பும் கெடும். கடலோர ஊர்களில் காற்றில் ஈரம் அதிகம். அங்கே இந்தத் தொல்லை கூடுதல். இத்தகைய டேப்பை விவரம் தெரிந்தவரிடம் கொடுப்பதே நல்லது.

குளிர்சாதன அறையிலிருந்து வெளியே கொண்டுவந்த கேமராவுக்குள் நீர் கோத்துக்கொள்ளும். ஒரு மணி நேரம் பொறுத்து இயக்குங்கள்.

பழைய பாட்டரியை நம்பாதீர்கள். கேமராவுடன் வந்த மின்சார இணைப்பையே பயன்படுத்துங்கள். பயர்வயரைச் செருகும்போது கேமராவும் கம்ப்யூட்டரும் அணைந்திருக்க வேண்டும். முனையைத் தலைகீழாக அழுத்திச் செருகினால் கேமராவின் இணைப்பு எரிந்துவிடும்.

பொறுமை வேண்டும்

மெமரி கார்டில் இருப்பதை இரண்டு நிமிஷத்தில் நகல் எடுக்கலாம். டேப் அப்படி அல்ல. ஒரு மணி நேர டேப்பை இறக்க ஒரு மணி நேரம் ஆகும். ஐந்து டேப் என்றால் ஒரு ஞாயிற்றுக்கிழமை போய்விடும்.

முதலில் ஒரு நிமிஷம் மட்டும் இறக்கி, படமும் ஒலியும் வருகின்றனவா என்று பார்த்துவிட்டு மேலே செல்லுங்கள். படம் வந்து குரல் வராவிட்டால் என்ன பயன்?

பயர்வயர் வழியாக வரும் ஒரு மணி நேரப் படம் சுமார் 13 ஜி.பி. இடம் பிடிக்கும். செல்போனில் பார்க்கச் சிறியதாக ஒரு நகல் செய்துகொள்ளலாம். ஆனால் பெரியதை அழிக்க வேண்டாம். அதுதான் அசல். இரண்டு ஹார்டு டிஸ்குகளில் வைத்து, ஒன்றை மகள் வீட்டிலோ தம்பி வீட்டிலோ கொடுத்து வையுங்கள்.

வீடியோ கடையில் கொடுத்துச் செய்கிறவர்கள், முழுத் தரமுள்ள பதிவைக் கேட்டு வாங்க வேண்டும். டேப்பையும் மறக்காமல் திரும்ப வாங்கிக்கொள்ள வேண்டும்.

ஏன் இப்போதே?

உலகிலேயே கடைசியாக வி.சி.ஆர். செய்துவந்த ஜப்பானின் பூனாய் நிறுவனம் 2016 ஜூலையில் உற்பத்தியை நிறுத்திவிட்டது. டேப் கேமராக்களும் புதிதாக வருவதில்லை. இருப்பவை பழுதானால் உதிரிப் பாகம் கிடைப்பது கஷ்டம். டேப்புகளை ஓட்டும் எந்திரங்கள் அருகிவருகின்றன என்று யுனெஸ்கோவே 2019-ல் ஒரு திட்டம் தொடங்கி உலகை எச்சரித்தது.

அரசாங்கத்தின் டேப்பைக் காப்பாற்ற நிபுணர்கள் வருவார்கள். நம் வீட்டு டேப்பை நாம்தான் காப்பாற்ற வேண்டும்.

வெள்ளம் வருமுன் அணை போட வேண்டும் என்பார்கள். மதுராந்தகம் ஏரிக்கரையில் வாழ்பவர்களுக்கு இதைச் சொல்லித்தர வேண்டியதில்லை.

கருங்குழி வீட்டில் என்ன நடக்கும்? மாமன் வீட்டுப் பழைய கம்ப்யூட்டர் ஒன்று வந்து சேரும். டேப் ஓடும். முதலில் திரையில் கோடுகள். பிறகு மாமல்லபுரத்துக் கடற்கரை. காற்றில் பறக்கும் சேலைத் தலைப்பை இழுத்துச் செருகிக்கொண்டு, ஆயா கேமராவைப் பார்த்து அதட்டுவார்:

"என்னத்தடா படம் புடிக்கிற? கொழந்தைக்கு வெயில் அடிக்குது பாரு!"

தாத்தா கண்ணாடியைக் கழற்றித் துடைத்துக்கொள்வார்.

"இன்னொரு தடவை போடு, அம்மா."