திரும்பி வர மறுக்கும் பிறேக் பிடி



மோட்டார் சைக்கிளில் செல்வோர் சிலரிடம் ஒரு பழக்கத்தை நீங்கள் கண்டிருக்கலாம். பிறேக்கைப் பிடித்து விட்டதும், வலக்கை விரலால் அந்தப் பிடியை முன்புறமாக மெல்லத் தட்டிவிடுவர். தானே திரும்பி வரவேண்டிய பிடி அவ்வாறு வருவதில்லை. ஆகையால் விரல் அதற்கு உதவி செய்கின்றது. ஒரு மாரிகாலம் முழுவதும் நானும் அப்படியே ஓட்டினேன். நாளடைவில் அதை ஒரு குறையாகவே எண்ணாமற் போனேன்.

ஒருநாள் சுன்னாகத்திலிருந்து யாழ்ப்பாணம் நோக்கி வந்துகொண்டிருந்தேன். இணுவிலுக்கு அண்மையில், ஓர் ஒழுங்கையிலிருந்து ஒரு சிறுவன் சைக்கிளுடன் திடீரென வீதியில் ஏறினான். அந்த வேளையில் என் விரல்கள் பிறேக் பிடியின்மேல் இருக்கவில்லை. அதனை முன்னே தள்ளுவதில் ஈடுபட்டிருந்தன. மணிக்கு 40 கிலோமீற்றர் வேகத்திற் செல்லும் வண்டி ஒரு வினாடியில் ஏறத்தாழ 11 மீற்றர் தூரத்தைக் கடக்கும். அரை வினாடி தாமதித்தால் 5 மீற்றருக்கு மேல் போய்விடும். அன்று சிறுவனுக்கும் வண்டிக்கும் இடையே ஒரு சாண் இடைவெளி எஞ்சியது. அதனை என் திறமை என்று சொல்ல மாட்டேன்.

பிறேக் பிடிக்கு இரண்டு கடமைகள் உண்டு. அழுத்தும்போது வண்டியை நிறுத்துவது ஒன்று. விட்டதும் சக்கரத்தை விடுவிப்பது மற்றொன்று. இரண்டாவது கடமையை நாம் பெரும்பாலும் மறந்துவிடுகின்றோம். பிடி முழுவதும் திரும்பாவிடின், பிறேக் சிறிது உரசிக்கொண்டே இருக்கும், சக்கரத்தின் நடுப்பாகம் சூடேறும், எரிபொருள் வீணாகும். அத்துடன் பின்புறச் சிவப்பு விளக்கும் அணையாது எரியக்கூடும். அப்போது நாம் உண்மையாகவே நிறுத்தும் வேளையைப் பின்னால் வருபவர் அறிய மாட்டார்.

இக்குறையைக் கண்டதும் நம்மவர் பலர் செய்வது, அடுக்களையிலிருந்து தேங்காயெண்ணெயை எடுத்துவந்து நாலு துளி விடுவதேயாகும். அன்றைக்கு அது பயன் தந்ததுபோலத் தோன்றும். ஆயினும் அந்த எண்ணெயிற் புழுதி படிந்து பசையாகிவிடும். மேலும், தேங்காயெண்ணெய் ஏறத்தாழ 24 பாகை வெப்பத்துக்குக் கீழே உறையும் இயல்புடையது. நுவரெலியாவின் விடியற்காலைக் குளிரில் அது என்னவாகும் என்பதை நான் விளக்கவேண்டியதில்லை. எனவே எண்ணெய் விடுமுன், இறுக்கம் எங்கே இருக்கின்றது என்பதைக் கண்டறிதல் வேண்டும்.

முதலில், கம்பிவடத்தினால் இயங்கும் ட்ரம் பிறேக்கை எடுத்துக்கொள்வோம். இதிலே இறுக்கம் மூன்று இடங்களில் நேரலாம்: பிடி சுழலும் ஆணி, உறைக்குள் ஓடும் கம்பிவடம், சக்கரத்தருகே உள்ள பிறேக் நெம்புகோல். இம்மூன்றையும் ஒன்றிலிருந்து ஒன்று பிரித்துப் பார்த்தாற் குற்றவாளி தானே வெளிப்படும்.

வண்டியைச் சமதரையில் நடுத்தாங்கியில் நிறுத்துங்கள். எஞ்சின் ஓய்ந்து ஆறியிருக்கவேண்டும். சக்கரத்தருகே வடத்தின் நுனியிலுள்ள சுரையைக் கழற்றினால் வடம் தளரும். பின்னர் மேலே, பிடியிலுள்ள வெட்டுவழியாக வடத்தின் குமிழை வெளியே எடுக்கலாம். இப்போது பிடியை மட்டும் அசைத்துப் பாருங்கள். அது தங்குதடையின்றி ஆடவேண்டும். ஆடவில்லையெனிற் குறை ஆணியில் உள்ளது. பிடி நன்றாக ஆடினால், வடத்தின் இரு நுனிகளையும் பற்றி மாறிமாறி இழுங்கள். அங்கும் தடையில்லையெனில், சக்கரத்தருகே உள்ள நெம்புகோலைக் கையால் தள்ளிவிடுங்கள். அது வில்லின் விசையால் உடனே திரும்பவேண்டும்.

குறை ஆணியிலாயின் அதனைக் கழற்றி, மண்ணெண்ணெய் தோய்ந்த துணியாற் பழைய பசையையும் துருவையும் துடையுங்கள். துரு விடாது பற்றியிருந்தால் மெல்லிய அரத்தாளால் இலேசாகத் தேய்க்கலாம். பின்னர் கிறீஸை மிக மெல்லியதாகப் பூசுங்கள். மிகுதியான கிறீஸ் புழுதிக்கு விருந்தாகும். பூட்டும்போது ஆணியை அளவுக்கு மிஞ்சி இறுக்கினால், தாங்கியின் இரு தாடைகளும் பிடியை நெரித்துவிடும். சுத்தமான பிடியும் இறுகுவதற்கு இதுவே பெரும்பாலும் காரணம். ஆணியைப் பிடி ஆடக்கூடிய அளவுக்கு முடுக்கி, அது அசையாதபடி பிடித்துக்கொண்டு, கீழுள்ள சுரையை இறுக்குங்கள். வண்டி விழுந்து பிடி வளைந்திருந்தால், அதனை அடித்து நிமிர்த்தாதீர்கள். வார்ப்பு உலோகத்தில் வெடிப்பு உண்டாகி, அவசரத்தின்போது முறிந்துபோகலாம். புதியதை மாற்றுவதே முறை.

குறை வடத்திலாயின், முதலில் அதன் நுனிகளை வெளிச்சத்திற் பாருங்கள். ஓர் இழை அறுந்திருந்தாலும் அவ்வடத்தை மாற்றிவிடுங்கள். மற்ற இழைகளும் அதே வழியைப் பின்பற்றும். என் வண்டியிற் குறை அங்கேதான் இருந்தது. அறுந்த இழையொன்று உறையின் வாயிற் சிக்கி, பிடியைத் திரும்பவிடாது தடுத்தது. நான் விரலாற் தள்ளித் தள்ளி, அறுந்துகொண்டிருந்த வடத்தோடு ஒரு மாரியைக் கழித்திருக்கின்றேன்.

இழைகள் நலமாயின், வடத்தை நிமிர்த்தித் தொங்கவிட்டு, மேல்நுனியிற் சிறு பொலித்தீன் துண்டைப் புனல்போலக் கட்டி, இலேசான இயந்திர எண்ணெயைத் துளித்துளியாக விடுங்கள். ஓர் இரவு பொறுத்தால் அது கீழ்நுனியில் வந்து சொட்டும். உள்ளே நைலோன் பூச்சுள்ள வடங்களுக்கு எண்ணெய் தேவைப்படுவதில்லை. வண்டியின் கைநூலைப் பாருங்கள். பூட்டுமுன் மிகுதி எண்ணெயைத் துடைத்துவிடுங்கள். பிறேக் கட்டைகளில் எண்ணெய் பட்டால் அவை பிடிக்கமாட்டா.

சக்கரத்தருகே குறை இருப்பின், பழக்கமில்லாதவர் அதனைத் திறவாதிருத்தல் நன்று. பழைய பிறேக் கட்டைகளின் தூளிலே கல்நார் கலந்திருக்கலாம். அதனை வாயால் ஊதுதல் தீங்கானது.

டிஸ்க் பிறேக்குள்ள வண்டியில் வடம் இல்லை. திரவமே விசையைக் கடத்துகின்றது. அங்கே வீட்டிற் செய்யத்தக்கது பிடியின் ஆணியைத் துப்புரவாக்குவது மட்டுமே. பிடி அழுத்தும் முனையருகே சாதாரண எண்ணெயோ மண்ணெண்ணெயோ படக்கூடாது. உள்ளேயுள்ள இறப்பர் வளையங்கள் பருத்துக் கெட்டுவிடும். சிலிக்கோன் கிறீஸ் சிறிதளவு போதும். அதன் பின்னும் பிடி மெதுவாகத் திரும்பினாலோ, பஞ்சுபோல் அமிழ்ந்தாலோ, வண்டியைக் கராஜுக்குத் தள்ளிக்கொண்டு செல்லுங்கள், ஓட்டிச் செல்லாதீர்கள்.

எல்லாம் பூட்டிய பின், கைநூல் கூறும் அளவுக்குப் பிடியின் நுனியிலே தளர்வு வையுங்கள். ஹாண்டிலை இருபுறமும் முழுவதும் திருப்பி, வடம் எங்கேனும் இழுபடுகின்றதா எனப் பாருங்கள். சக்கரத்தை உயர்த்திச் சுழற்றுங்கள், உரசல் இருக்கக்கூடாது. பிடியைப் பத்து முறை அழுத்தி விடுங்கள். பத்து முறையும் அது தானே திரும்பவேண்டும், பின்விளக்கும் அணையவேண்டும். பிறகு முற்றத்தில் வண்டியைத் தள்ளிக்கொண்டு நடந்து பிறேக்கைச் சோதித்து, அதன்பின் ஆளில்லா ஒழுங்கையில் மெதுவாக ஓட்டிப் பாருங்கள்.

நேயர்களே, இவ்வேலைக்கு ஒரு காலைப்பொழுது போதும். வடத்திற்கு எண்ணெய் விடுவதாயின் ஓர் இரவும் சேரும். நாளை நீங்கள் பிறேக்கைப் பிடித்து விடும்போது, உங்கள் விரல் தானாகவே பிடியை முன்னே தள்ளுகின்றதா என்று கவனியுங்கள். தள்ளுமாயின், அன்றைய பயணத்தை அங்கேயே நிறுத்திவிட்டு, ஸ்பானரைக் கையில் எடுங்கள். ஒழுங்கையிலிருந்து வரும் சிறுவனுக்கு நாம் செய்யக்கூடிய உபகாரம் அதுவே.