துவண்ட பிள்ளை எழுந்திருக்கும்

"2009இல பங்கருக்குள்ள நான் பட்ட பயந்தானோ அக்கா, பிள்ளை இப்பிடித் துவண்டு கிடக்குது?" என்று கொட்டாஞ்சேனையில் ஒரு தாய் கேட்டார்.

இல்லை, சகோதரிகளே. பிராடர்-வில்லி எனும் இந்த அரிய நோய் 15ஆவது நிறமூர்த்தத்தில் ஏற்படும் மாற்றத்தால் வருவது. பயத்தால் வருவதில்லை, பெரும்பாலும் பரம்பரையாகவும் வருவதில்லை.

தசைகளில் வலுவில்லாததால் பால் உறிஞ்சவே குழந்தை களைத்துவிடும். இருக்க ஒரு வருடமும், நடக்க இரண்டு வருடமும் செல்லலாம். அயல்வீட்டுப் பிள்ளையோடு ஒப்பிட்டு அழாதீர்கள். வைத்தியசாலையில் உடற்பயிற்சி சொல்லித்தருவார்கள். பொரளையில் லேடி ரிஜ்வே சிறுவர் வைத்தியசாலை இருக்கிறது. வீட்டிலும், பிள்ளை விழித்திருக்கும்போது பாயில் குப்புறக் கிடத்தி, பக்கத்திலிருந்து கிலுகிலுப்பையை ஆட்டுங்கள். தலை தூக்கப் பார்க்கும். பால் குடித்த கையோடு வேண்டாம்.

அந்தத் தாயின் மகள் பதினான்காம் மாதத்தில் சாயாமல் இருந்தாள். மாமியாரைத்தான் முதலில் கூப்பிட்டுக் காட்டினாராம்.