கத்துது புல்லி; காத்திருக்குது நாற்று!

சிதம்பரத்தில் இருந்து கடலூருக்குப் புறப்பட்ட பஸ். ஜன்னல் ஓர சீட்டில் ஒரு விவசாயி. மடியில் சாக்குப்பை. அதில் இருந்து கிரீஸ் வாடை! பக்கத்தில் இருந்த குமாஸ்தா வெள்ளைச் சட்டையை ஒதுக்கிக்கொண்டார்.

"என்னங்க சாமான் அது?"

"பவர் டில்லர் புல்லிங்க. பேரிங் போச்சு. இருபது நாள்ல ரெண்டாந் தடவை!"

காட்டுமன்னார்கோவில் பக்கம் அவர் ஊர். கீழணையில் திறந்த தண்ணீர் வடவாறு வழியாக வீராணம் வந்து, அங்கிருந்து வயலுக்கும் வந்துவிட்டது. (2004 முதல் சென்னைக்காரர்கள் குடிப்பதும் இதே வீராணம் தண்ணீர்தான்.) சேற்றுழவு பாதியில் நிற்கிறது. நாற்றுக்கு வயது 30 நாளைத் தாண்டிவிட்டது. வயசான நாற்றை நட்டால் சரியாகத் தூர் கட்டாது. வாடகை டிராக்டருக்கோ ஊரே வரிசையில் நிற்கிற நேரம்.

உள்ளங்கையில் அடங்கும் ஒரு இரும்பு வளையம், ஒரு போக சம்பாவை மறித்துக்கொண்டு நிற்கிறது!

பழைய வண்டி, பழகின வண்டி

பவர் டில்லர் ஜப்பான் நாட்டு வயல்களில் பழகிய வண்டி. பெங்களூர் வி.எஸ்.டி. நிறுவனம் 1967-ல் மிட்சுபிஷி கூட்டோடு தொடங்கியது. கேரளத்து அத்தாணியில் 1973-ல் காம்கோ வந்தது. அந்தக் கால வண்டிகளைப் பின்னால் நடந்தே ஓட்டுகிறவர்கள் டெல்டாவில் இன்னமும் இருக்கிறார்கள். பெரிய டிராக்டர் திரும்ப முடியாத துண்டு வயலில் அதுதானே ராஜா!

என்ஜின் சக்தியைப் பின்னால் கொண்டு போவது வி-பெல்ட். பெல்ட் தளராமல் இருக்க, பல வண்டிகளில் டென்ஷன் புல்லி உண்டு. அதற்குள்ளேதான் பேரிங். சேறும் தண்ணீரும் தினமும் அதன் மேல் அடிக்கிறது. போதாக்குறைக்கு, பெல்ட் வழுக்கினால் நம்ம ஆட்கள் புல்லியை இன்னும் இறுக்குவார்கள். பெல்ட் கம்பி மாதிரி விறைக்கும். பாரம் பூராவும் பேரிங் தலையில்!

கத்துவது பெல்ட்டா, பேரிங்கா? என்ஜினை நிறுத்துங்கள். (ஓடும்போது பெல்ட் பக்கம் கை வைத்து விரலை இழந்தவர்கள் உண்டு.) பெல்ட்டைக் கழற்றி, புல்லியைக் கையால் சுற்றுங்கள். சொரசொரவென்று ஓடினாலோ, பக்கவாட்டில் ஆடினாலோ, பேரிங் முடிந்தது என்று அர்த்தம்.

சுத்தியல் செய்த வேலை

கடலூர் முதுநகரில் ஒரு லேத் பட்டறை. மிஸ்திரிக்கு வயது 60-க்கு மேல். புல்லியை வாங்கித் திருப்பிப் பார்த்தார்.

"யாரு தம்பி போட்டது இதை?"

"ஊர்லயே போட்டேண்ணே. கொஞ்சம் டைட்டா இருந்துச்சு. சுத்தியால தட்டித்தான் இறக்கினோம்."

"நடுவளையத்துல தட்டினியா?"

விவசாயி பதில் சொல்லவில்லை.

விஷயம் இதுதான். புல்லிக்குள் இறுகி உட்காருவது பேரிங்கின் வெளிவளையம். நடுவளையத்தில் அடித்தால் அந்த அடி முழுவதும் குண்டுகள் வழியாகப் போகிறது. குண்டு ஓடும் பாதையில் கண்ணுக்குத் தெரியாத பள்ளம் விழுகிறது. பேரிங் புதுசு, ஆனால் போட்ட அன்றைக்கே அதற்கு வியாதி! வெளிவளையத்தை மட்டும் தொடுகிற பைப் துண்டை வைத்து, வைஸில் கொடுத்து நேராக அழுத்தினால் சத்தம் இல்லாமல் இறங்கும். ஷாப்ட்டில் இறுகும் பேரிங் என்றால் நேர் எதிர். உள்வளையத்தைத்தான் அழுத்த வேண்டும். இறுகுகிற வளையம் எதுவோ, அழுத்தம் அதற்கு.

இன்னொரு கோளாறும் இருந்தது. இரண்டு தடவை அடித்து இறக்கியதில் புல்லி ஓட்டை அகன்றுவிட்டது. பேரிங் வெளிவளையமே உள்ளே சுற்றுகிறது. டப்பாத் தகரத்தை வெட்டிச் சொருகி ஓட்டுவது நம்ம ஊர் வைத்தியம். "நாலு நாளைக்குத் தாங்கும், அவ்வளவுதான்" என்றார் மிஸ்திரி. ஓட்டையைக் கடைந்து, புஷ் போட்டு, சரியான அளவுக்குத் திரும்பவும் கடைந்து கொடுத்தார். வேலை நடந்த இரண்டு மணி நேரமும் விவசாயி பெஞ்சில் உட்காரவே இல்லை.

நம்பர் இருந்தால் போதும்

"வண்டி ரொம்பப் பழசுங்க. ஸ்பேர் கிடைக்காதுன்னு சொல்றாங்க" என்பது அவரது இன்னொரு கவலை. புல்லி கிடைக்காமல் போகலாம். பேரிங் அப்படி இல்லை. அவர் கொண்டுவந்ததில் 6204 என்று வெட்டியிருந்தது. கடைசி இரண்டு எண்ணை 5-ஆல் பெருக்கினால் 20. ஷாப்ட் நுழையும் ஓட்டை 20 மில்லிமீட்டர். வெளிவட்டம் 47, கனம் 14. எந்த தேசத்தில் எந்தக் கம்பெனி செய்தாலும் இதே அளவுதான். (04-க்குக் கீழே இந்தப் பெருக்கல் செல்லாது; 6203 என்றால் 17.)

நம்பருக்குப் பின்னால் வரும் எழுத்தையும் பாருங்கள். இசட் இசட் என்றால் இரண்டு பக்கமும் தகர மூடி. 2 ஆர்.எஸ். என்றால் ரப்பர் மூடி. சேற்றில் உழுகிற வண்டிக்கு ரப்பர் மூடிதான் நல்லது. இவர் முதலில் வாங்கிப் போட்டது தகர மூடி!

அட்டைப்பெட்டியைப் பார்த்து ஏமாறவும் வேண்டாம். நல்ல கம்பெனிப் பெயரில் போலி பேரிங் உலகம் முழுவதும் ஓடுகிறது. விலை சந்தேகப்படும் அளவுக்குக் குறைவாக இருந்தால் நகருங்கள். பில் கேட்டு வாங்குங்கள்.

பேரிங் வரலாற்றிலும் ஒரு களிமண் கதை உண்டு. ஸ்வீடன் நாட்டு கோத்தன்பர்க் நகரில் ஒரு நூற்பாலை. களிமண் தரை அமுங்கி, ஷாப்ட்டுகள் கோணிக்கொண்டு, பேரிங்குகள் அடிக்கடி போயின. அங்கே வேலை பார்த்த ஸ்வென் விங்குவிஸ்ட், ஷாப்ட் கோணினாலும் தானே வளைந்து கொடுக்கும் பேரிங்கை 1907-ல் உருவாக்கினார். எஸ்.கே.எப். கம்பெனி பிறந்தது அப்படித்தான்.

புல்லி தயாராகிவிட்டது. மிஸ்திரி விரலால் ஒரு சுண்டு சுண்டினார். சத்தமே இல்லாமல் சுற்றியது.

"பெல்ட்டை ரொம்ப இறுக்காதே தம்பி. கட்டைவிரலால அமுக்கினா கொஞ்சம் உள்ளே போகணும். வேலை முடிஞ்சு வண்டி கழுவுறப்ப புல்லி மேல பம்பைப் பிடிச்சு அடிக்காதே."

"சரிண்ணே" என்று சாக்கைச் சுருட்டிக்கொண்டார். சிதம்பரம் பஸ் பிடித்து, அங்கிருந்து காட்டுமன்னார்கோவில் பஸ் மாறி, ராத்திரிக்குள் மாட்டிவிட்டால் விடியற்காலை உழவுக்கு இறங்கிவிடலாம் என்பது அவர் கணக்கு.