பாண்டிய நாட்டுக் குதிரைகளின் இறப்பு: அயலார் குறிப்புகளும் குதிரை மருத்துவமும்

முன்னுரை

13ஆம் நூற்றாண்டின் இறுதியில் காயல் துறைமுகத்தில் அரபு, பாரசீகக் குதிரைகள் ஆயிரக்கணக்கில் இறக்கப்பட்டன. பாண்டிய மன்னன் ஆண்டுதோறும் இரண்டாயிரத்துக்கு மேல் வாங்கியும் ஆண்டிறுதியில் நூறுகூட எஞ்சுவதில்லை என்கிறார் மார்க்கோ போலோ. பராமரிக்கத் தெரியாமையையே அவர் காரணமாகக் காட்டுகிறார். வணிக வரலாற்று ஆய்வுகள் பலவும் தட்பவெப்பத்தைச் சுட்டி இச்செய்தியைக் கடந்துவிடுகின்றன. அயலார் தரும் தீவன, பராமரிப்புச் செய்திகளைக் குதிரை மருத்துவத்தின் துணையுடன் வாசிக்க இக்கட்டுரை முனைகிறது.

தீவனமும் வயிற்றுவலியும்

பாரசீக வரலாற்றாசிரியர் வஸ்ஸாஃப், இங்குள்ளோர் குதிரைக்கு வறுத்த வாற்கோதுமை, வெண்ணெய் கலந்த தானியம், காய்ச்சிய பசும்பால் ஆகியவற்றைக் கொடுத்ததாக எழுதுகிறார். சோற்றுடன் சமைத்த இறைச்சியைப் போலோ குறிப்பிடுகிறார். இவையனைத்தையும் ஒரே தட்டில் வைத்துக் குறைகூறுதல் முறையன்று. வெண்ணெயைப் பழக்கிக் கொடுத்தால் குதிரை ஓரளவு செரிக்கும். வறுத்தலும் வேகவைத்தலும் மாவுப்பொருளின் செரிமானத்தை எளிதாக்கவே செய்யும். தீங்கு அளவில் உள்ளது. குதிரையின் இரைப்பை சிறியது. அதன் கொள்ளளவு 8 முதல் 15 லிட்டர் மட்டுமே. சிறுகுடலில் செரிக்காத மாவுப்பொருள் பெருங்குடலை அடைந்து விரைவாக நொதித்து அமிலமும் வாயுவும் பெருக்குகிறது. வளர்ந்த குதிரைக்குப் பாற்சர்க்கரையைச் செரிக்கும் நொதி குறைவாதலால் பாலும் அவ்வழியே செல்கிறது.

இதன் முதல் விளைவு கோலிக் எனப்படும் வயிற்றுவலி. குதிரை முன்காலால் தரையைக் கீறும், விலாவைத் திரும்பித் திரும்பிப் பார்க்கும், படுத்துப் புரளும், வியர்க்கும், சாணமிடுதல் குறையும். ஓய்விலுள்ள குதிரைக்கு நாடி நிமிடத்திற்கு 28 முதல் 44 வரை இருப்பது இயல்பு. 60ஐத் தாண்டினால் நிலை கடுமையானது. குதிரையால் வாந்தியெடுக்க இயலாது. ஆகவே தேங்கிய வாயுவையும் நீரையும் மருத்துவர் மூக்குவழிக் குழாய் செலுத்தி வெளியேற்றாவிடில் இரைப்பை வெடிக்கவும் கூடும். தீவனத்தை உடனே நிறுத்துதல், மருத்துவர் தரும் வலிநீக்கி, குடல் முறுக்கமாயின் காலந்தாழ்த்தாத அறுவை ஆகியவையே இன்றைய வழிகள்.

இரண்டாவது விளைவு குளம்பில் தோன்றுகிறது. பெருங்குடல் குலைவால் குருதியில் கலக்கும் நச்சுப்பொருள்கள் குளம்பையும் அதனுள் இருக்கும் எலும்பையும் பிணைக்கும் மென்தகடுகளைப் பாதிக்கின்றன. லேமினைடிஸ் எனும் இந்நோயில் குதிரை எடையைப் பின்கால்களுக்கு மாற்றி முன்கால்களை நீட்டி நிற்கும், குளம்பு சுடும், அதன் மேலுள்ள நாடி வலுத்துத் துடிக்கும். தானியத்தை விலக்கி, குளம்பைப் பனிக்கட்டியில் இடைவிடாது குளிரவைத்து, மெத்தென்ற தரையில் நிறுத்த வேண்டும். எலும்பு நிலைபெயர்ந்துவிட்டால் முன்போல் ஓடுவது அரிது.

நாற்பது நாள் கட்டும் திடீர் ஓட்டமும்

கொழுக்க வேண்டி நாற்பது நாள் கயிற்றாலும் முளையாலும் கட்டிவைத்து, பின் பயிற்சியின்றி வீரர்கள் கடுமையாக ஓட்டினர் என்றும், வலிய குதிரைகளும் விரைவில் சோர்ந்து பயனற்றனவாயின என்றும் வஸ்ஸாஃப் கூறுகிறார். வேலையின்றித் தானியம் உண்ட குதிரையைத் திடீரெனச் செலுத்தும்போது தோன்றும் தசைச் சிதைவை இவ்விவரிப்பு நினைவூட்டுகிறது. பின்தொடைத் தசை கல்லாய் இறுகும், நடை தடைபடும், சிறுநீர் கருஞ்சிவப்பாகும். இந்நிலையில் குதிரையை நடத்தலாகாது. நின்ற இடத்திலேயே ஓய்வளித்து, நீர்ச்சத்தை ஈடுசெய்து சிறுநீரகத்தைக் காக்க வேண்டும். வயிற்றுவலிக்காரக் குதிரையை மெல்ல நடத்தும் பழக்கம் இங்குத் தீங்காகும். அதனால்தான் நோயைப் பிரித்தறிதல் முதன்மையாகிறது.

ஈக்கள் பரப்பும் சர்ரா எனும் குருதி ஒட்டுண்ணி நோயையும் எண்ணிப்பார்க்கலாம். விட்டுவிட்டு வரும் காய்ச்சல், இரத்தசோகை, கால்வீக்கம், உடல்மெலிவு அதன் அறிகுறிகள். அதன் கிருமியைக் கிரிஃபித் எவான்ஸ் 1880இல் பஞ்சாபில் கண்டறிந்தார். ஆயினும் நம் சான்றுகளில் இவ்வறிகுறிகள் இல்லை. தீவனக் குறையே எழுத்தில் நிற்கிறது.

சான்று கூறுவோரின் நிலை

குதிரை மருத்துவர் பாண்டிய நாடு செல்லாதவாறு வணிகர்களே தடுத்தனர் என்று போலோ எழுதுகிறார். குதிரை இறந்தால் அடுத்த கப்பலுக்கு விலை உறுதி. வழியில் இறந்தவற்றிற்கும் பாண்டியர் பணம் கொடுத்தனர் என்பது வஸ்ஸாஃப் தரும் செய்தி. குதிரையொன்றின் விலையாக அவர் குறிப்பது 220 பொன் தினார். ஆகவே ‘அறியாமை’ என்னும் சொல்லை ஆய்வாளர் அப்படியே எடுத்தாள்வதற்குமுன், அவ்வறிவு எவரால் மறைக்கப்பட்டது என்பதையும் கேட்க வேண்டும்.