பள்ளிப் பதிவேட்டில் உங்கள் குழந்தையின் பெயர்

மாரெட்பள்ளித் தமிழ்க் குடும்பங்களிலிருந்து பிள்ளைகளுடன் அமெரிக்கா செல்வோர், அந்நியச் செலாவணி பற்றி எங்களிடம் நுணுக்கமாக வினவுவர். குழந்தையின் பெயரைப் பற்றி வினவுவோர் அரிது.

நம் வழக்கில் தந்தையின் பெயர் முன்னெழுத்தாக நிற்கும். குடும்பப் பெயர் இல்லை. கடவுச்சீட்டில் ஒற்றைப் பெயர் மட்டுமே இருப்பின், அமெரிக்க விசாவில் அது குடும்பப் பெயராகிவிடும். இயற்பெயருக்குரிய இடத்தில் ‘எஃப்.என்.யு.’, அதாவது ‘முதற்பெயர் தெரியவில்லை’ என்ற குறிப்பு ஏறும். பள்ளியும் அதையே பதிந்துகொண்டால், முதல் நாள் ஆசிரியர் அழைப்பது தன்னைத்தான் என்று குழந்தை எவ்வாறு அறியும்? ஆங்கிலம் சரளமாகப் பேசும் பிள்ளையும் அங்கே திகைத்துப்போகும்.

ஆகவே விசாவுக்கு விண்ணப்பிக்கும் முன்னரே கடவுச்சீட்டில் இரு பெயர்களும் இடம்பெறச் செய்தல் நலம். பிறப்புச் சான்றிதழ், மாற்றுச் சான்றிதழ், தடுப்பூசிப் பதிவு ஆகியவற்றிலும் பெயர் ஒத்திருக்க வேண்டும். தடுப்பூசிப் பதிவைப் பலரும் பெட்டியின் அடியில் வைத்துவிடுகின்றனர். சேர்க்கையின்போது முதலில் கேட்கப்படுவனவற்றுள் அதுவும் ஒன்று. பொதுப் பள்ளியில் இடம் பெரும்பாலும் வசிக்கும் முகவரியைப் பொறுத்ததாதலின், வாடகை ஒப்பந்தமும் கைவசம் இருக்கட்டும். கல்வியாண்டு அங்கே ஆகஸ்டு அல்லது செப்டம்பரில் தொடங்கும்.

பதிவேட்டில் உள்ளவாறு தன் பெயரைச் சொல்லவும், ‘எனக்குப் புரியவில்லை’, ‘கழிப்பறைக்குச் செல்ல வேண்டும்’ என ஆங்கிலத்தில் தயங்காமல் கூறவும் குழந்தையைப் பழக்குங்கள். எழில், யாழினி போன்ற பெயர்களின் ழகரம் அங்குள்ளோர் நாவில் எவ்வாறெல்லாம் ஒலிக்கக்கூடும் என்று வீட்டிலேயே சொல்லிக் காட்டுங்கள். குழந்தை சிரிக்கும், பின்னர் அடையாளமும் கண்டுகொள்ளும்.