புற்றுநோய் குணமாச்சு... இதயம் நல்லா இருக்கா? சின்ன வயசில் சிகிச்சை எடுத்தவர்கள் ஏன் ‘எக்கோ’ பார்க்கணும்?

செங்கல்பட்டு, மாமல்லபுரம் பக்கம் குழந்தைக்கு ரத்தப் புற்றுநோய் என்றதும் பல குடும்பங்கள் பஸ் ஏறுவது 1954ல் தொடங்கப்பட்ட அடையாறு புற்றுநோய் மருத்துவமனைக்கோ, காஞ்சிபுரம் காரப்பேட்டை அண்ணா புற்றுநோய் மருத்துவமனைக்கோதான். அப்படிப் போய் குணமாகி, இன்று வேலை, கல்யாணம் என்று இருக்கும் இளைஞர்கள் பலர். அவர்கள் தெரிஞ்சுக்க வேண்டிய விஷயம் இது.

அப்போ கொடுத்த மருந்து இப்போ என்ன செய்யும்?

கீமோவில் சிவப்பு நிறத்தில் ஏற்றுவார்களே, அது டாக்ஸோரூபிசின். அதன் உறவுக்கார மருந்து டானோரூபிசின். புற்றுநோய் செல்லை அழிப்பதில் கில்லாடிகள். ஆனால் இதயத் தசையையும் பாதிக்கும். இதயத் தசை செல் செத்தால் மறுபடி முளைப்பது மிக மிகக் குறைவு. குழந்தை வளர வளர, மிச்சம் இருக்கும் தசைதான் முழு உடம்புக்கும் ரத்தம் இறைக்கணும். அதனால்தான் பாதிப்பு 10, 20 வருஷம் கழித்தும் தலைகாட்டுகிறது. நெஞ்சில் ரேடியேஷன் வாங்கியவர்களுக்கு ரத்தக்குழாய் அடைப்பு, வால்வு பிரச்னையும் வரலாம்.

அமெரிக்காவில் 14,000க்கும் மேற்பட்டவர்களைக் கவனித்து 2009ல் வெளியான ஆய்வில், இவர்களுக்கு இதயச் செயலிழப்பு வரும் வாய்ப்பு உடன்பிறந்தவர்களைவிட சுமார் 6 மடங்கு அதிகம் என்று தெரிந்தது. பயப்பட வேண்டாம். எல்லோருக்கும் வருவதில்லை, மருந்தின் மொத்த அளவைப் பொறுத்தது.

ஈசிஜி நார்மல்னா போதுமா?

போதாது. தசை பலவீனமானாலும் ஈசிஜி ஒழுங்காகவே வரலாம். இதயம் எவ்வளவு இறைக்கிறது என்று காட்டுவது எக்கோ. உடல் பரப்பில் ஒரு சதுர மீட்டருக்கு மொத்தம் 250 மில்லிகிராம் டாக்ஸோரூபிசின் அல்லது அதற்கு மேல் போயிருந்தால் 2 வருஷத்துக்கு ஒரு தடவை, 100 முதல் 250க்குள் என்றால் 5 வருஷத்துக்கு ஒரு தடவை எக்கோ எடுக்கச் சொல்கின்றன சர்வதேச வழிகாட்டுதல்கள்.

சிக்கல் என்னன்னா, அந்த அளவு பழைய டிஸ்சார்ஜ் சம்மரியில்தான் இருக்கும். பீரோவில் தேடிப் பாருங்க. கிடைக்கலைன்னா, சிகிச்சை எடுத்த இடத்தில் கேட்கலாம்.

மாமல்லபுரத்தில் கல் செதுக்குபவரோ, கோவளத்தில் படகு தள்ளுபவரோ மூச்சு வாங்கினால் ‘வேலைக் களைப்பு’ என்று விட்டுவிடுவார். படுத்தால் மூச்சுத் திணறல், கால் வீக்கம், படபடப்பு இருந்தால் ‘கேஸ்’ என்று தள்ளிப்போடக் கூடாது. டாக்டரிடம் பழைய கீமோவைச் சொல்லணும்; 25 வயசுக்காரரிடம் அவராகக் கேட்க மாட்டார். பிரஷர், சுகர், சிகரெட் சேர்ந்தால் ஆபத்து இன்னும் ஏறும். ஜிம்மில் அதிக எடை தூக்கும் முன்பும் கேட்டுக்கொள்வது நல்லது.

பெண்கள் கர்ப்பத்துக்கு முன்போ, முதல் 3 மாதத்திலோ எக்கோ பார்க்கணும். கர்ப்ப காலத்தில் இதயத்துக்கு வேலை கூடும். பலவீனம் முன்பே தெரிந்தால் மாத்திரை தொடங்கலாம், பிரசவத்தை இதய மருத்துவர் இருக்கும் மருத்துவமனையில் திட்டமிடலாம்.