கழுத்தை அசைக்குமுன்

ஒட்டகச்சிவிங்கியின் நெடுங்கழுத்திலும் மனிதனின் குறுங்கழுத்திலும் எலும்புகள் ஏழே என்று வகுப்பில் சொன்னால் பிள்ளைகள் சிரிக்கிறார்கள். அவ்வேழு எலும்புகளின் உட்புழையில் சுண்டுவிரல் பருமனுள்ள நரம்புத் தண்டு இறங்குகிறது. அதினின்று கிளைக்கும் மூன்றாவது முதல் ஐந்தாவது வரையிலான கழுத்து நரம்புகளே, சுவாசத்திற்கு ஆதாரமான உதரவிதானத்தை இயக்குபவை. எனவே அங்கே முறிந்த எலும்பு சிறிது நகர்ந்தாலும், கை கால்கள் மட்டுமன்றி மூச்சே நின்றுவிடக் கூடும்.

விபரீதம் என்னவெனில், கழுத்து முறிந்தவர் சில வேளைகளில் எழுந்து நடந்து, "எனக்கு ஒன்றுமில்லை" என்றும் சொல்லுவார். அதற்கஞ்சி, அடிபட்டு வந்தவரில் மிகப் பலருக்கும் டாக்டர்கள் எக்ஸ்ரே எடுத்து வந்தார்கள். 2000ஆம் ஆண்டில் வெளியான அமெரிக்க ஆராய்ச்சி ஒன்று 21 ஆஸ்பத்திரிகளில் அவ்வாறு படமெடுக்கப்பட்ட 34,069 பேரை ஆராய்ந்தது. கழுத்தெலும்பில் காயமுற்றிருந்தவர் 818 பேரே.

படத்திற்கு முன் டாக்டர் அறிய வேண்டுவன ஐந்து. பிடரியின் நடுவில் விரலால் அழுத்தினால் வலிக்கிறதா? கை கால்களில் மரப்போ பலவீனமோ உண்டா? பிரக்ஞை குழம்பியிருக்கிறதா? மது மயக்கம் உண்டா? வேறெங்கேனும் கடும் வலியுள்ள காயம் உண்டா? இந்தக் கடைசிக் கேள்வியே மிக நுட்பமானது. தொடையெலும்பு முறிந்து துடிப்பவருக்குக் கழுத்து வலி புலப்படாமல் போகலாம். குடித்தவர் "வலியில்லை" என்பதோ சாட்சியமாகாது. ஐந்துக்கும் "இல்லை" என்று விடை வந்தால்தான் படம் வேண்டா. அந்த 818 பேரில் இக்கேள்விகளுக்குப் பிடிபடாமல் நழுவியோர் எண்மரே.

2001ஆம் ஆண்டில் கானடா டாக்டர்கள் வகுத்த விதி வயதையும் விபத்தின் தன்மையையும் சேர்த்துக்கொண்டது. 65 வயதானவருக்கும், மூன்றடி உயரத்திலிருந்து விழுந்தவருக்கும் படம் அவசியம். அபாயக் குறிகள் இல்லையென்று தெளிந்த பின்னரே கழுத்தை இடமும் வலமும் 45 பாகை திருப்பச் சொல்வர். முதலில் திருப்பிப் பார்த்துவிட்டுப் பிறகு விசாரிப்பது தலைகீழ்ப் பாடம்! இக்காலத்தில் பெரியவர்களுக்கு எக்ஸ்ரேயைவிட ஸி.டி. ஸ்கானையே பெரிதும் நம்புகின்றனர்.

இவ்விசாரணையெல்லாம் மூச்சும் நாடியும் சீராயுள்ளவருக்கே. மூச்சுத் தடைப்பட்டவருக்கு, ஒருவர் தலையை அசையாமல் தாங்க, மற்றொருவர் மூச்சுக்கு வழி செய்வதே முதல் வேலை.

வீதியில் விழுந்தவரைத் தூக்கி உட்கார்த்தி, தலையை ஆட்டித் தண்ணீர் புகட்டுவது நம்மவர் இரக்கத்தின் வழக்கம். நல்லெண்ணந்தான், ஆனால் அபாயமானது. தீ, வாகனம் போன்ற ஆபத்து அருகில் இல்லையாயின், அவரைக் கிடந்தபடியே விட்டு, தலையின் இருபுறமும் கைகளால் தாங்கி, ஆம்புலன்ஸ் வரும்வரை பேச்சுக் கொடுத்துக்கொண்டிருக்கலாம்.